ஏழாவது படத்தில் எக்ஸ்ரே அக்கா இல்லை

இரண்டாம் மாடிக்காரர் தன் மனைவியைப் பாலைவனத்தில் வைத்து எடுத்துவிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர், எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் எப்போதும் என் முறைக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிடும் நான்காம் மாடி ஓட்டுநர். அவருக்குச் சொன்னவர் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர். லிஃப்ட்காரருக்கு யார் சொன்னார்கள் என்பது தெரியவில்லை. "ஆளே இல்லையாம். நிழல் மட்டும்தான் மிச்சமாம்" என்று ஓட்டுநர் சோப்புத்தூளை அளந்துகொண்டே சொன்னார். சொல்லிவிட்டு என் சட்டைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் துணிகளை இயந்திரத்துக்குள் போட்டார். வேறொரு நாளாக இருந்தால் முறை பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று முறை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

காரணம், என் மண்வெட்டி. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இரண்டாம் மாடிக்காரர் என்னிடமிருந்து மடக்கும் மண்வெட்டி ஒன்றை இரவல் வாங்கிப் போயிருந்தார். கார்ச் சக்கரம் மணலில் புதைந்தால் தோண்டுவதற்கு என்றார். திருப்பித் தரவில்லை. வேறு நாட்டில் பிழைக்க வந்தவன் அடுத்தவருக்கு எதை வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம், மண்வெட்டி கொடுக்கக் கூடாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன் கைப்பிடி முழுக்க என் கைரேகை. என் விசா புதுப்பிப்பு அடுத்த மாதம். மூன்று நாளாக அவர் வீட்டு வாசலில் அவர் மனைவியின், நான் அக்கா என்று கூப்பிடுபவரின், செருப்பைப் பார்க்கவில்லை என்பதும் அந்த நேரம் பார்த்துத்தான் நினைவுக்கு வந்தது. ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தவர் கையில் கருகிய ரொட்டித் துண்டு இருந்தது. கதவுக்குப் பின்னால் மண்வெட்டி, முனையில் மணல். நான் அதைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டு, அக்கா எங்கே என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் தம்பி. என் வாயாலயே 'எடுத்துடுங்க'ன்னு சொன்னேன்" என்று சொல்லி, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் உடந்தை ஆகிவிடும் என்று தோன்றியது. ரொட்டியைத் தின்று முடித்து அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, முதலில் பயம் போயிற்று, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியாமலும் போயிற்று.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்சாதனக் கம்பெனி ஒன்றில் காற்றுக்குழாய் வரைபவர். பெரிய கட்டடங்களின் கூரைக்கு மேலே, பலகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் ஓடும் தகரக் குழாய்களை இருபத்திரண்டு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறார். நல்ல குழாய் என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால் புகார் வரும். இந்தத் தொழிலில் பாராட்டு என்பது யாரும் பேசாமல் இருப்பதுதான். அப்படிப்பட்டவருக்கு மூன்று வருடங்களுக்கு முன்னால், கம்பெனிக்காரர்கள் கூட்டிப்போன ஒரு நாள் சுற்றுலாவில், பாலைவனம் கண்ணில் பட்டது. கேமரா வாங்கினார். நூறு படம் எடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினார். அக்கா பார்த்துவிட்டு, மஞ்சள்தூள் டப்பா கவிழ்ந்த மாதிரி இருக்கிறது என்றார். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். நிறம் எல்லாம் போய்ப் படம் கறுப்பு வெள்ளையானது. "இது நல்லாயிருக்கே" என்றார் அக்கா. அன்றைக்கு அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று முதல் அவர் வேறு ஆள். கட்டடத்தில் எல்லாரும் அவரைக் 'கறுவெள்ளையார்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, கைபேசி எண்ணுக்குக் கீழே அச்சடித்துக்கொள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

நிறத்தைக் கழற்றிவிட்டால் போதும், படம் கறுப்பு வெள்ளையாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பாலைவனத்தில் மணல் ஆரஞ்சு, வானம் நீலம். கண்ணுக்கு இரண்டும் எலியும் பூனையும். ஆனால் சும்மா நிறத்தைக் கழற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து, படம் சிமெண்டுத் தரையைப் படம் பிடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கணினித் திரையின் ஓரத்தில் எட்டு நிறத்துக்கு எட்டு ஸ்லைடர்கள். வலப்பக்கம் இழுத்தால் அந்த நிறம் வெளுக்கும், இடப்பக்கம் இழுத்தால் கறுக்கும். அவர் எட்டுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். சிவப்பு, மாமனார்: கொஞ்சம் ஏற்றிவிட்டால் எல்லாரையும் பளபளவென்று காட்டுவார். நீலம், பெரியப்பா: லேசாக அழுத்தினாலே முகம் இருண்டு, வானம் இடி விழப்போகிற மாதிரி ஆகும். பச்சை, வேலை தேடும் சின்ன மச்சான்: பாலைவனத்தில் அவனுக்கு என்ன வேலை, பேசாமல் உட்கார்ந்திருப்பான். ஆரஞ்சு, வீட்டுக்காரி.

"அதை மட்டும் பார்த்துத் தொடணும் தம்பி. ஒரு இழுப்பு இழுத்தா வீடே மாறிடும்" என்று அப்போது சொன்னார். ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லும் திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

போகப் போக நிறம் என்றாலே அவருக்கு ஆகாமல் போயிற்று. கேமராவின் பின்பக்கத் திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்தார். படங்கள் கணினிக்குள் நுழையும்போதே நிறம் உரிந்துவிடும்படி ஏற்பாடு செய்தார். உள்ளே எங்கோ நிறம் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் கண்ணில் படாது. ஒரு மணல்மேட்டைப் பார்த்தால் கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். அப்படிப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். கார் ஓட்டும்போதும் இந்தப் பழக்கம் வந்துவிட்டதால், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "முழிச்சிக்கிட்டு ஓட்டுங்க" என்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

அக்கா பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை கறுப்பில் வெள்ளைப் பல், கறுப்பில் வெள்ளைப் பல். வீட்டுக்கு வந்தால் சுவர் முழுக்கக் கறுப்பில் வெள்ளை மணல். "எதுல சொத்தை இருக்குன்னு என்னை அறியாமத் தேடுறேன்" என்பார். அதனாலோ என்னவோ, அவர் உடுத்துவதெல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறங்கள்தான். கிளிப்பச்சைக் கைப்பை, ரோஜா நிறக் குடை, ஊதாச் செருப்பு. அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய நிறம் முழுவதும் அக்கா ஒருத்திமேல் இறங்கியிருந்தது.

ஒவ்வொரு விடுமுறை நாளும் அக்கா அவருடன் பாலைவனத்துக்குப் போவார். காற்றில் ஆடும் கேமரா முக்காலியைப் பிடித்துக்கொள்வார். காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவார். மணல்மேட்டில் காலடித் தடம் விழுந்தால் படம் கெட்டுவிடும் என்பதால், கால் கிலோமீட்டர் சுற்றிப் பின்பக்கமாக நடப்பார். மூன்று வருடம், ஆயிரக்கணக்கான படம், ஒன்றில்கூட அக்கா கிடையாது. நிலக்காட்சியில் ஆள் வரக் கூடாது என்பது கறுவெள்ளையாரின் சட்டம். ஆள் வந்தால் அளவு தெரிந்துவிடும், அளவு தெரிந்தால் மலை மேடாகிவிடும் என்பார்.

இந்த நிலையில்தான் கம்பெனி இயக்குநர், புது அலுவலகத்தின் நீண்ட நடைபாதையில் மாட்டுவதற்கு இவருடைய பாலைவனப் படம் பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இவர் செய்த ஒன்று முதல் தடவையாகக் கூரைக்குக் கீழே வரப்போகிறது. அக்கா சந்தோஷப்பட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பன்னெண்டுல ஒண்ணுல நான் இருக்கணும். மூலையில ஊசி மாதிரி நின்னாலும் சரி. என் ஆஸ்பத்திரிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, அதோ நான்னு காட்டணும்."

இவர் ஒத்துக்கொண்டார். அக்கா அதற்கென்றே புதிதாக ஒரு நீள அங்கியும், மணல் பறக்காமல் தலையையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ள அதே துணியில் ஒரு சால்வையும் வாங்கினார். ஆரஞ்சு. நல்ல, முழு, கூச்சப்படாத ஆரஞ்சு. இவரிடம் உடுத்திக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, இவர் கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, "நடுத்தரச் சாம்பல். நல்லா எடுபடும்" என்றாராம். அது என் மண்வெட்டி இரவல் போன அதே வாரம்.

மாலை வெயில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அடித்தது. அக்கா மணல்மேட்டின் நடுவில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் அவர் நிழல் மேட்டின்மேல் நீளமாக ஏறிப் படுத்திருந்தது. ஊதாச் செருப்பு மணலுக்குள் புதைந்திருந்தது. கிளிப்பச்சைக் கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் இவர்.

"எடுத்துட்டீங்களா?" என்று அக்கா கத்தியிருக்கிறார்.

"எடுத்துட்டேன், வா" என்று இவர் கத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, மணல் பால் மாதிரி மின்ன வேண்டும் என்று ஆரஞ்சை வலப்பக்கம் நன்றாக இழுத்தார். மணல் மின்னியது. மணலோடு அங்கியும் மின்னியது, சால்வையும் மின்னியது. சிவப்பை ஏற்றியதில் அக்காவின் முகமும் கையும் வெளுத்து மணலோடு போய்ச் சேர்ந்தன. நீலத்தை இடப்பக்கம் இழுத்ததில் நீலம் படிந்த நிழல் இன்னும் கன்னங்கரேலென்று ஆனது. இதெல்லாம் இவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அக்கா நின்ற இடம் இவருக்கு மனப்பாடம். அந்த இடத்தில் பார்த்தார், அக்கா இருந்தார். வேறு யாராவது பார்த்திருந்தால், வெள்ளை மணலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்திருக்கும். அக்காவின் கண்ணாடி.

வேறு யாராவது பார்க்கவும் செய்தார்கள். பெரிய அளவில் படம் அச்சடிக்கும் கடைக்காரம்மா, தொழிலில் மகா சுத்தம். ஒரு தூசி இருந்தாலும் அச்சுக்கு விட மாட்டார். ஏழாவது படத்தில் அந்த இரண்டு புள்ளியைப் பார்த்ததும் இவருக்குப் போன் செய்தார். இவர் அப்போது ஒரு கட்டட வேலையிடத்தில், தகரக் குழாயைச் சுத்தியலால் அடிக்கும் இருவருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரம்மா, "சார், ஏழாவது படத்துல மணல் நடுவுல ரெண்டு கறுப்பா இருக்கு, தூசு போலிருக்கு, எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் காதில் விழுந்தது "ஏழாவது படத்துல", பிறகு டங் டங், பிறகு "எடுத்துடட்டுமா". அச்சு எடுக்கலாமா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"எடுத்துடுங்க" என்று கத்தினார். அதோடு விட்டாரா, "நல்லா சுத்தமா எடுத்துடுங்கம்மா" என்றும் சேர்த்துச் சொன்னார்.

சுத்தமாக எடுத்துவிட்டார் அந்த அம்மா.

எனக்கு இரண்டு மொழியில் படிப்பு. இன்னொரு மொழியில் படம் எடுப்பதற்கு ஒரு சொல், அழித்து எடுப்பதற்கு வேறு சொல், அச்சு எடுப்பதற்கும் போன் எடுப்பதற்கும் வேறு வேறு சொற்கள். அங்கே இந்த விபத்து நடந்திருக்க வழியே இல்லை. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எடு. ஒரு பெண்ணை முதலில் எடுத்து, பிறகு எடுத்து, கடைசியாக எடுத்தும் விட்டோம். இப்போது அவள் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

திறப்பு விழா அன்று ஊழியர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அக்கா தன் தங்கையையும் தங்கை கணவரையும் நான்கு மணி நேரப் பயணத்தில் வரவழைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து பல் டாக்டரையும் இரண்டு தோழிகளையும் கூட்டி வந்திருந்தார். எல்லாரும் பார்த்தவுடன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அதே ஆரஞ்சு அங்கியைப் போட்டிருந்தார், அதே சால்வையைச் சுற்றியிருந்தார், அறைக்குள்ளே கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார்.

ஏழாவது படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். அக்கா கையை நீட்டி, "அதோ" என்றார். பிறகு கையை இறக்கினார். தங்கை, எங்கேக்கா, எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பல் டாக்டர் கண்ணைக் கிட்டே கொண்டுபோய், தொழில் கவனத்தோடு மேலிருந்து கீழாகப் படத்தை ஆராய்ந்தார்.

"வேர் இருக்கு. பல்லைத்தான் காணோம்" என்றார், நிழலைக் காட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அதுவரை சமாளித்திருக்கலாம் என்று கறுவெள்ளையாரும் நினைக்கிறார், நானும் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து இயக்குநர் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தார். அக்கா யாரென்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டிலும் இதுதான் அற்புதம் என்றார். ஆளில்லாத நிழல், எவ்வளவு ஆழமான யோசனை என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"இந்த இடத்துல ஒரு ஆள் நின்னிருந்தா படமே கெட்டுப்போயிருக்கும். என்ன, சரிதானே?"

"ஆமா சார்" என்றார் கறுவெள்ளையார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக இயக்குநர் எதைக் கேட்டாலும் அந்த வாயிலிருந்து தானாக வரும் இரண்டு சொல். குழாயை இடப்பக்கம் திருப்பலாமா, ஆமா சார். வலப்பக்கம் திருப்பலாமா, ஆமா சார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்ததாம். அக்கா அதற்குள் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, தங்கை கணவரின் கார் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை ஊருக்குப் போன அக்கா மறுநாள் ஒரே ஒரு செய்தி அனுப்பினார். அங்கே ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே வேலை காலியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சேர்வதா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். செய்தியின் கடைசியில், 'படம் நல்லா இருக்கு' என்று இருந்தது. அந்தக் கடைசி வரிதான் தன்னைக் கொல்கிறது என்றார் கறுவெள்ளையார். அதற்குப் பிறகு பதினேழு தடவை கூப்பிட்டுவிட்டார். போன் எடுக்கப்படவில்லை.

நான் போனது சனிக்கிழமை மாலை. இரண்டு பேரும் கணினி முன் உட்கார்ந்தோம். அக்காவைப் படத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து, புதிதாக அச்சடித்து, மாட்டி, அதைக் காட்டி மன்னிப்புக் கேட்பது திட்டம். கண்ணாடி திரும்பக் கிடைத்துவிட்டது. அழிக்காத படம் அவரிடம் இருந்தது. ஆனால் வெறும் கண்ணாடியை வைத்து யாரிடம் மன்னிப்புக் கேட்பது? ஆரஞ்சைக் கறுப்புப் பக்கம் இழுத்தார். அங்கி கறுத்தது. மணலும் கூடவே கறுத்தது. வெள்ளைப் பக்கம் இழுத்தார், இரண்டும் கூடவே வெளுத்தன. மஞ்சளைத் தொட்டார், சிவப்பைத் தொட்டார். அங்கியும் மணலும் ஒரே நிறம் என்பதால், எங்கே போனாலும் சேர்ந்தே போயின. சின்ன மச்சானைக்கூட எழுப்பிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் மணல் தார் ஊற்றிய மாதிரி ஆகி, வானம் சோப்பு நுரையாகி, நடுவில் இரண்டு கண் மட்டும் எங்களை முறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"எந்தச் சாம்பல்லயும் இவ தனியா நிக்கமாட்டேங்கிறா தம்பி" என்றார்.

நிறத்தோடு இருந்தால் தெரிவாரோ என்று நான்தான் கேட்டேன். பயந்துகொண்டேதான் கேட்டேன்; அவரிடம் அது, சைவ ஓட்டலில் மீன் கேட்பது போல. அவர் ஸ்லைடர்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு ஏதோ ஒரு பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

மணல் ஆரஞ்சு, அங்கி ஆரஞ்சு, ஆனால் துணி துணியாகவும் மணல் மணலாகவும் இருந்தன. சால்வையின் மடிப்பு, கன்னத்தின் மாநிறம், மூக்கின் நுனியில் ஒட்டியிருந்த மணல், எல்லாம் தெரிந்தன. அக்கா ஒரு கையில் இவருடைய மணல் நிறத் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கும்போது அது பறந்து போயிருக்கிறது, அக்கா எட்டிப் பிடித்திருக்கிறார். வாய் முழுக்கச் சிரிப்பு. ஒன்றரை மாதமாக இந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவர், இப்போதுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"சிரிச்சிருக்காளே" என்றார். கொஞ்சம் கழித்து, "தொப்பி பறந்ததே எனக்குத் தெரியாது" என்றார்.

அன்றே கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, 'எடு' என்ற சொல்லே வராமல் பேசினார். கலரில் அச்சடியுங்கள், எதையும் தொடாதீர்கள், மூக்கில் இருக்கும் மணல்கூட அங்கேயே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவரோடு அலுவலகத்துக்கு நானும் போனேன், படத்தின் மறுமுனையைத் தூக்க. வரவேற்பில் கொடுத்த பார்வையாளர் அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் 'குடும்ப விஷயம்' என்று எழுதிவிட்டு, அது சட்டப்படி சரியா என்ற கவலையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பழைய ஏழாவது படத்தைக் கழற்றினார், புதியதை மாட்டினார். இந்தப் பக்கம் ஆறு கறுப்பு வெள்ளை, அந்தப் பக்கம் ஐந்து கறுப்பு வெள்ளை, நடுவில் அக்கா.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இயக்குநர் வந்தார். படத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார். இது என்ன, யாரிடம் கேட்டு மாற்றினீர்கள், அந்த நிழல் படம் எங்கே என்று கேட்டார். கறுவெள்ளையார் ஏணியிலிருந்து இறங்கி, அந்த நிழலுக்குச் சொந்தக்காரர் இவர்தான், என் மனைவி, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்றிருந்தார் என்றார். இயக்குநருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. காது சிவந்தது. அது நிறத்தில்தான் தெரியும்.

"ஆனாலும் வரிசைல இது மட்டும் தீயணைக்கிற உருளை மாட்டின மாதிரி இருக்கே" என்றார். "ஒத்துப்போகல. சரிதானே?"

கறுவெள்ளையார் வாயைத் திறந்தார். அந்த இரண்டு சொல் தொண்டை வரை வந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதை விழுங்கினார்.

"இல்ல சார். இருக்கட்டும். ஆபத்துக்கு உதவும்."

இயக்குநர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். அவருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். கறுவெள்ளையார் சுவரைக் கைபேசியில் படம் பிடித்தார், பன்னிரண்டும் தெரியும்படி. அக்காவுக்கு அனுப்பினார். படத்தின் ஓரத்தில் இரண்டு சரி அடையாளம் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டால் அந்த இரண்டும் நீலமாகும்.

"நீலமா, சாம்பலா? என் கண்ணு இப்ப எதையும் நம்பமாட்டேங்குது" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார்.

நான் பார்த்தேன். சாம்பல்தான். ஆனால் அக்காவின் அங்கியும் சாம்பலாகத்தான் இருந்தது. அழைக்கும் பச்சைப் பொத்தானும் சாம்பல், வைக்கும் சிவப்புப் பொத்தானும் சாம்பல். மனிதர் கைபேசித் திரையையும் எந்தக் காலத்திலோ கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்திருந்தார். மாற்றிய இடம் அவருக்கு மறந்துவிட்டது. மூன்று பேரும் தேடினோம். இயக்குநர் ஒன்றை அழுத்தினார், எழுத்துகள் பெரிதாயின. நான் ஒன்றை அழுத்தினேன், டார்ச் விளக்கு எரிந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். போதும் என்று சொல்லிக் கறுவெள்ளையார் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

படத்தை மாட்டியதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று காரில் வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு 'ஆமா சார்' என்று சொன்னது தப்பு. அதை மட்டும் சொல்லப்போகிறார். வேறு எதுவும் கலக்காமல் வர வேண்டும் என்று அந்த ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டு சாம்பல் பொத்தான்களில் இடப்பக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, உள்ளங்கையில் வைத்து ஏழாவது படத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்காவின் போனில் மணி அடித்தது. இயக்குநர் அவரை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். மூன்றாவது மணி. நான்காவது. நடைபாதைக் கோடியில் யாரோ அச்சு இயந்திரத்தை ஓடவிட, இயக்குநர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். ஐந்தாவது மணி அடித்து, ஆறாவதும் அடிக்கத் தொடங்கியது.